சுவர் குடித்த இரண்டு லிட்டர்

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை புனேவிலிருந்து போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, மே மாசம் நாங்க ரெண்டு பேரும் அங்கேயே வந்துடறோம். அதுக்குள்ள அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிடலாம். எத்தினி லிட்டர் வேணும்னு மட்டும் சொல்லு, ஆர்டர் போட்டுடறேன்." அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய், உன் போனில் நீளம் அகலம் போட்டால் அதுவே கணக்குச் சொல்கிறதாம், பத்து லிட்டர் என்கிறதாம். நான் உடனே மறுத்தேன். கதவுக்கும் ஜன்னலுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிற கணக்கு அது. உன் போனுக்கு நம் பிள்ளையார்பாளையத்து வீட்டுச் சுவரைத் தெரியுமா? நானே அளந்து சொல்கிறேன் என்றேன். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியவள்தான். ஆனால் அளக்கப் போன இடத்தில் வேறொன்று கிடைத்துவிட்டது. அதை போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, பொறுத்துப் படி. நீ மட்டும் படித்தால் போதாது, யார் படித்தாலும் சரி என்றுதான் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் உனக்கே விளங்கும்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்தில் எனக்கு எந்தப் பந்தியில் பாயசம் வரவில்லை என்பதுகூட இன்றும் சொல்வேன். உன் கல்யாணம் நடந்து இருபது வருஷம் ஆகிறது. அதில் எனக்கு ஆறாத புண் ஒன்று இருப்பதும் உனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் நீயும் மருமகளும் அந்த ரூமில் கட்டிலுக்கு முன்னால் நிற்கிற படம் இருக்கிறதே, அதில் உங்கள் தலைக்குப் பின்னால் சுவரைப் பார். தோள் உயரம் வரைக்கும் ஒரு நிறம், அதற்கு மேல் வேறொரு நிறம். கீழே வாழைக்குருத்து, மேலே வெள்ளரிப் பிஞ்சு. இரண்டும் பச்சைதானே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பட்டு நெய்கிற வீட்டில் சொல்ல முடியுமா? ஒரு புடவைக்கு வேண்டிய பட்டு நூலை ஒரே சாயக் கொப்பரையில் ஒரே தடவையாகத்தான் முக்குவோம். குறைந்து போய் மறுபடி சாயம் கலந்தால் சாயக்காரருக்கே அதே நிறம் வராது. நெய்து மடித்தால் வரிவரியாகக் காட்டிக் கொடுத்துவிடும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயத்தை நம் வீட்டுச் சுவரில் தப்பவிட்டு, அதற்கு முன்னால் மணமக்களை நிற்க வைத்திருந்தோம். உன் அத்தை, உன் அப்பாவின் தங்கை, ரூமுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாய் சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஆறு பேர் இருக்கும்போது கேட்டாள்: "இன்னா அண்ணி, நெசவு வூட்டுச் சுவத்துக்கே ரெண்டு சாயமா?" அவர்கள் சிரித்தார்கள். மூன்றாவதாக நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள்.

அந்தப் பழியை நான் யார் தலையில் இறக்கினேன் என்பதும் உனக்குத் தெரியும். கன்னியப்பன். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து நம் தெருவில் எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடித்தவன். விவசாயக் குடும்பம், தண்ணீர் இல்லாத வருஷத்தில் பிரஷ்ஷைப் பிடித்தவன். உன்னைச் சின்ன வயதில் ஏணி மேல் உட்கார வைத்து வேடிக்கை காட்டியவன். அவன் நம் பெயிண்டைத் திருடினான் என்று நான் சொன்னேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. என்னிடம் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததுதான் கெடுத்தது.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேள். உன் கல்யாணத்துக்காக அந்த ரூமைக் காலி செய்தோம். அதுவரை அங்கே ஒரு தறி இருந்தது. மேற்குச் சுவரை ஒட்டினாற்போல், சுவரை மறைத்துக்கொண்டு. கூடத்துக்கு மாற்ற வேண்டும், ஆனால் ஏற்றிய பாவு நூல் நெய்து முடியாமல் தறியை அசைக்கக் கூடாது. ஒரு பாவில் மூன்று புடவை, மூன்றாவது புடவை பாதியில் நின்றது. அது இறங்குகிற வரைக்கும் காத்திருந்தால் பெயிண்ட் வாங்கத் தாமதமாகிவிடும். சரி, தறி இருக்கட்டும், ரூமை அளந்து வைப்போம் என்று கன்னியப்பனை வரச் சொன்னேன். அவன் டேப்பை எடுத்தான். எனக்கு அடியும் அங்குலமும் பெருக்கிப் பார்க்கத் தெரியாது. என் சொந்தப் பட்டுப் புடவை ஒன்றை எடுத்து வந்தேன், அரக்கு நிறம், நாமே நெய்தது, ஆறு கஜ நீளம், நாற்பத்தெட்டு அங்குல அகலம். "இத்தினி எடத்துக்கு எவ்ளோ பெயிண்ட் புடிக்கும், அத்தச் சொல்லு" என்றேன். அவன் புடவையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுச் சிரித்தான். "ரெண்டு கோட்டு அடிச்சா ஒரு பொடவைக்கு ஒரு லிட்டர்னு வெச்சிக்கமா." அவ்வளவுதான், எனக்குச் சாவி கிடைத்துவிட்டது. சுவரைச் சுற்றிப் புடவையைப் பிடித்தோம். நான்கு சுவருக்கும் சேர்த்து இரண்டு புடவை நீளம், மேலே இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் புடவையின் அகலத்துக்கு இரண்டரை. ஆக ஆறு புடவை. கதவும் ஜன்னலும் அரைப் புடவை. அதைக் கழித்தால் ஐந்தரை. ஆறு லிட்டர் தாராளம்.

மேற்குச் சுவரை மட்டும் தறி மறைத்ததால் பிடிக்க முடியவில்லை. எதிர்ச் சுவர் எவ்வளவோ அதுவும் அவ்வளவுதானே என்று சேர்த்துக்கொண்டேன். கன்னியப்பன் மட்டும் குனிந்து, பாவு நூலில் படாமல், தறிக்குப் பின்னால் கையை விட்டு என்னவோ துழாவினான். வெளியே எடுத்து விரலைத் தேய்த்துப் பார்த்தான். "எட்டு வாங்கிடுமா" என்றான்.

"எட்டா? இப்பத்தான் ஒரு பொடவைக்கு ஒரு லிட்டர்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்மா. இந்தச் சுவரு வேற மாதிரி. அடியில பிரைமர் ஒண்ணு அடிச்சிட்டோம்னா..."

"சுவத்துக்குப் பொடவை கட்டினா பத்தாதா, பாவாடை வேற வேணுமா?" என்றேன். உன் மாமன் கூடத்திலிருந்து கெக்கெக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, கன்னியப்பனுக்கு மேலே பேச முடியவில்லை. ஆறு லிட்டர் வெள்ளை வாங்கினோம். வாழைக்குருத்து வருகிற வரைக்கும் அவன் அதில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் கலக்கினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து போதும் என்றேன். இந்த இடத்தில் என் கண்ணில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று சுவரும் தங்கமாய் வந்தது. தறியை இறக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோன பிறகு கடைசியாய் மேற்குச் சுவர். தோள் உயரம் வந்ததும் பக்கெட் காலி. மறுநாள் நலங்கு. ஓடிப்போய் இன்னும் இரண்டு லிட்டர் வாங்கிக் கலக்கினான். வெள்ளரிப் பிஞ்சுதான் வந்தது.

"எங்கடா போச்சு ரெண்டு லிட்டர்?" என்று கேட்டேன். "சுவரு குடிச்சிடுச்சுமா" என்றான். "எந்த வூட்டுச் சுவரு?" என்றேன். உன் அப்பா "விடுடி, சுவர்தானே" என்றார். நான் விடவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் பஸ்ஸில் ஐயம்பேட்டை வழியாய்ப் போனேன், ஜன்னல் வழியே அவன் வீட்டுக் கதவைப் பார்த்தேன். நம் ரூம் நிறம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தறிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியது எதற்கு, நோட்டம் பார்க்க. எட்டு கேட்டது எதற்கு, இரண்டை ஒதுக்க. கதவு எப்படிப் பச்சையானது, அந்த இரண்டால். இதை நான் பன்னிரண்டு பேரிடம் சொன்னேன். பன்னிரண்டு பேருக்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. நம் தெருவிலும் பக்கத்து மூன்று தெருவிலும் கன்னியப்பனை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. திருவிழாவில் எதிரே வந்தால் அவன் எதிர்ப் பக்கம் போவான். திருடனுக்குக் குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாய் இறங்கும். இதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வா. உன் மாமனைக் கூப்பிட்டேன். கூடத்தில் தறியில் இருந்தவன் இறங்கி வந்தான். அதே அரக்குப் புடவை, கிழிந்து போய் மெத்தை மேல் விரிப்பாய்க் கிடந்தது, அதை எடுத்தேன்.

"இன்னாக்கா, சுவத்துக்கு நிச்சயதார்த்தமா?"

"பேசாம முந்தானையப் புடிடா. தொங்க வுடாத, இழுத்துப் புடி."

"இழுத்தா கிழியுது. ஜாக்கெட்டுக்கும் அளவு எடுத்துக்கவா?"

மூலைக்கு மூலை பிடித்தோம். மறுபடி அதே ஐந்தரை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஐம்பது வயதில் போட்ட கணக்கு எழுபதிலும் நிற்கிறதே என்று. "பாத்தியாடா, ஆறு லிட்டர் போதும். அன்னிக்கும் போதும். அவன்தான் எடுத்தான்" என்றேன். மாமன் புடவையை மடித்தான். பிறகு நான் பெயிண்ட் கடைக்குப் போனேன். அங்கே கல்லாவில் ஒரு பெண், உன் மகள் வயதுதான் இருக்கும், காதில் போனை வைத்துக்கொண்டே கேட்டாள், "ஆயா, பழைய பெயிண்ட் மேலயே அடிக்கப் போறீங்களா, வெறும் சுவரா?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். "வெறும் சுண்ணாம்புச் சுவருன்னா குடிக்கும் ஆயா. தண்ணி தெளிச்சுப் பாருங்க. வழிஞ்சா பிரச்சினை இல்ல. உறிஞ்சிச்சுன்னா பிரைமர் போடணும், இல்லாட்டி டபுளா வாங்கணும்."

குடிக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்ன அதே சொல். அவனுக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே நினைப்பு. சுவர் எப்படிக் குடிக்கும்? எவ்வளவு குடிக்கும்? இரண்டு லிட்டர் குடிக்குமா? நீ சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு என்னிடம் அடி வாங்கினாயே, அந்த அரிப்பு உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய் நான்கு சுவரிலும் தெளித்தேன். எல்லாம் வழிந்து தரைக்கு வந்தது. ஆமாம், இப்போது நான்கும் பெயிண்ட் அடித்த சுவர்தானே. அன்றைக்கு இருந்த மேற்குச் சுவர் இப்போது எங்கே கிடைக்கும்? கூடத்துக்குப் போனேன். தறி நிற்கிறது. தறியை அசைக்காமல் கை எட்டுகிற வரைக்கும் மட்டும் பெயிண்ட் அடிப்பதுதான் நம் வீட்டு வழக்கம், என் மாமியார் காலத்திலிருந்து. தறிக்குப் பின்னால் இருக்கிற சுவரை யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே குனிந்து எட்டிப் பார்த்தேன். வீடு கட்டிய நாளில் பூசிய சுண்ணாம்பு, அப்படியே, சாம்பல் பூத்து. ரூமில் தறி இருந்த வரைக்கும் அந்த மேற்குச் சுவரும் இப்படித்தான் இருந்திருக்கும். அதையும் யாரும் தொட்டதில்லை.

கையை நனைத்துச் சுவரில் உதறினேன். பட்டதும் காணோம். ஒரு சொட்டு வழியவில்லை. இன்னும் உதறினேன், அதையும் விழுங்கியது.

"அக்கா! பாவு மேல தண்ணி படுது!" என்று மாமன் கத்தினான். "இன்னா ஆச்சு உனக்கு, தறிக்குத் தீர்த்தம் தெளிக்கிற?"

"கடைக்குப் போயி ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்கிக்கினு வா."

"எதுக்கு?"

"வாங்கிக்கினு வாடான்னா."

ரசக் கரண்டி ஒன்றைப் பலி கொடுத்தேன். ஒரு கரண்டி பெயிண்ட் எடுத்து ரூம் சுவரில் இழுத்தேன், ஒரு முறம் அளவுக்குப் பரவியது. அதே ஒரு கரண்டி எடுத்துத் தறிக்குப் பின்னால் கையை விட்டு அந்தச் சுவரில் இழுத்தேன். பிரஷ் நகரவே இல்லை, யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுப்பது போல் இருந்தது. அரை முறம்கூட வரவில்லை. இன்னொரு கரண்டி வைத்த பிறகுதான் ஒரு முறம் ஆனது. அதுவும் திட்டுத் திட்டாய். அப்படியே தரையில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினேன். மேற்குச் சுவர் ஒன்றே முக்கால் புடவை. அது ஒன்றுக்கு இரண்டாய்க் குடித்தால் இன்னும் ஒரு ஒன்றே முக்கால். ஐந்தரையோடு சேர்த்தால் ஏழே காலுக்கு வந்துவிட்டது. பிரஷ்ஷில் நிற்பது, பக்கெட்டில் ஒட்டுவது, தரையில் சிந்துவது. எட்டு. கன்னியப்பன் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்ன எட்டு. தறிக்குப் பின்னால் கையை விட்டு அவன் நோட்டம் பார்க்கவில்லை கண்ணு. சுவரைத் தொட்டுப் பார்த்தான். நான் அளக்காமல் விட்ட சுவரை அவன் ஒருத்தன்தான் தொட்டான்.

அப்போதும் நான் முழுசாய் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கதவு இருக்கிறதே. சுவர் குடித்தது சரி, அவன் வீட்டுக் கதவு எப்படி நம் நிறமானது? அதைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மாமனையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனேன். கன்னியப்பன் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. வலது தோள் ஒரு பக்கமாய் இறங்கியிருக்கிறது. என்னைப் பார்த்தான், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் மனைவிதான் எழுந்து வந்து நின்றாள். நான் இருவரையும் விட்டுவிட்டு நேரே கதவிடம் போனேன். வெயிலும் மழையும் பட்டு வெளுத்துக் கிடந்தது. ஒரு பழைய புடவையின் உண்மையான நிறம் வேண்டுமானால் மடிப்புக்குள்தான் பார்க்க வேண்டும். கதவை இழுத்து, நிலைக்குள் மறைந்து வெயில் படாத ஓரத்தைப் பார்த்தேன். அங்கே நிறம் அப்படியே இருந்தது. வெள்ளரிப் பிஞ்சு. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து வாழைக்குருத்து என்று நான் முடிவு கட்டியது. இது அவன் இரண்டாம் தடவை கலக்கியது. முதல் ஆறு லிட்டரிலிருந்து ஒரு சொட்டு இந்தக் கதவில் இல்லை.

"இந்தப் பெயிண்டு உனக்கு ஏது கன்னியப்பா?" என்று கேட்டேன்.

"நீதாம்மா குடுத்த" என்றான், தவிட்டைக் கிளறிக்கொண்டே. "மிச்சத்த என் கண்ணுல காட்டாத, எடுத்துக்கினு போடான்னு தூக்கிப் போட்ட. மூடி தெறிச்சு என் கால்ல வுழுந்துச்சு. இன்னும் தழும்பு இருக்குது, பாக்குறியா?"

நான் மாமனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "ஆமாக்கா" என்றான். "நான்தான் மூடியத் தேடி எடுத்துக் குடுத்தேன்."

"இத்தினி வருஷமா ஏண்டா சொல்லல?"

"உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. உனக்குப் போயி நான் எடுத்துக் குடுக்கறதா?"

மாம்பழ மஞ்சள் கட்டிய பெண் வாயைப் பொத்திச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே நாளில் என் கையால் ஒரு டின்னைத் தூக்கி எறிந்தது ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடிப் பார்த்தும் வரவில்லை, இதை எழுதுகிற இப்போதும் வரவில்லை. மற்றவர்கள் எனக்குச் செய்ததெல்லாம் பத்திரமாய் இருக்கிறது, நான் செய்தது மட்டும் எங்கே போனது? இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாய் இருக்கிறது. உனக்கும் இப்படி இருக்கிறதா என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார். அங்கே உனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்வதாய்ச் சொல்வாய். இங்கே வந்தாலும் நாலு பேர் இருப்பார்கள். ஏதாவது குறைந்து போனால் முதலில் ஆளைப் பார்க்காதே. நீ நகர்த்தாமல் விட்டது எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். உன் அப்பா அன்றைக்கே "விடுடி" என்று சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

நான் கன்னியப்பனிடம் தப்பு என்னுது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேனா என்று கேட்காதே, கும்பிட்டேன். அவன் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு நிதானமாய்ச் சொன்னான்: "இங்க வந்து சொல்றதுக்கு இன்னாமா இருக்குது? இந்த ஊர்ல யாரும் என்னைத் திருடன்னு சொல்லல. எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு." அடுத்து அவன் மனைவி பேசினாள். "தெருவுக்காரங்க கூப்புடலன்னு இவரு மெட்ராஸ் போயி சாரத்து மேல நின்னு அடிச்சாரு. அங்கேர்ந்து வுழுந்ததுதான் இந்தத் தோளு. அத்த வுடு. இவரு வேல செஞ்ச எல்லா கல்யாணத்துலயும் மாப்ள கையால வேட்டி வாங்கினவரு. குடுக்காத ஒரே வூடு உங்க வூடு."

உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா கண்ணு? எனக்கு இருக்கிறது. கல்யாணத்துக்கு உழைத்தவர்களை வரிசையாய் நிறுத்தி, பந்தல்காரர், சமையல்காரர், நாதஸ்வரக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் மாப்பிள்ளை தன் கையால் வேட்டி துண்டு கொடுக்கிற நேரம். கடைசியில் கன்னியப்பன் நின்றான். நீ தட்டிலிருந்து வேட்டியை எடுத்துவிட்டாய். நான் உன் காதில் "அந்தத் திருடனுக்கு இல்ல" என்றேன். நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய், பிறகு அவனைப் பார்த்தாய், வேட்டியைத் தட்டில் திரும்ப வைத்தாய். அவன் அங்கிருந்து போகிறவரை நீ தலை நிமிரவில்லை. அன்று அதை அம்மா சொல் தட்டாத பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டேன்.

ஐயம்பேட்டையிலிருந்து வந்த அன்றே ஆரம்பித்தேன். யார் யாரிடம் சொன்னேன், எந்த வீட்டு வாசலில் நின்று சொன்னேன், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எல்லாம் வரிசையாய் எனக்குத் தெரியும். என் ஞாபகம் ஒரு நல்ல காரியத்துக்கு முதல் தடவையாய் உதவியது. தினம் இரண்டு வீடு. சிலர் "யாரு கன்னியப்பன்?" என்றார்கள், அவர்களுக்கு அவன் பெயரைக்கூட முதலிலிருந்து சொல்லிப் பிறகு அவன் திருடவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மூலை வீட்டுக்காரி "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அவளை நான் இன்னொரு நாள் கவனித்துக்கொள்கிறேன். இரண்டு பேர் செத்துப் போய்விட்டார்கள், அவர்கள் மருமகள்களிடம் சொன்னேன். உன் அத்தைக்கு போன் போட்டுச் சொன்னேன். அவளிடம் சொன்னதால் அவள் கேட்ட அந்த "ரெண்டு சாயமா" கேள்வியை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை, அது தனி. ஒன்பது பேரிடமும் இரண்டு மருமகள்களிடமும் சொல்லி முடித்தாயிற்று. பன்னிரண்டாவது ஆள் நீ. கன்னியப்பன் திருடவில்லை. நான் தப்பாய் அளந்து, அந்தப் பழியை அவன் மேல் போட்டேன். அந்தப் பழி உன் மாமனார் வீடு வரைக்கும் போயிருக்கும், அங்கே உண்மையை நீயே சொல். இந்தக் கடிதத்தையே காட்டினாலும் சரி.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாங்கள் ஆட்டோ ஏறப் போகும்போது கன்னியப்பன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "இப்ப எத்தினி வாங்கப் போற?"

"ஆறு. இப்ப நாலு சுவரும் குடிக்காது, தண்ணி தெளிச்சுப் பாத்துட்டேன்."

"மேலுக்கு?"

மேலே ஒரு கூரை இருப்பதே என் கணக்கில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"அங்க பொடவையப் புடிக்க முடியாதில்ல" என்றான். அவன் வாயோரம் லேசாய் ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "மேலுக்கு வெள்ள ரெண்டு லிட்டரு வாங்கு."

ஆக எட்டு. ஆறு லிட்டர் வாழைக்குருத்து, இரண்டு லிட்டர் வெள்ளை. வாழைக்குருத்தை ஒரே நாளில், ஒரே கலவையாய் வாங்கு. தோள் தூக்க முடியாததால் கன்னியப்பன் இப்போது பிரஷ் பிடிப்பதில்லை. நிறம் சரியாய் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் வருகிறாயா என்று கேட்டேன், "பாக்கலாம்" என்றான். வருவானா தெரியாது. அன்றைக்குத் தட்டில் மிஞ்சிய வேட்டி என் பீரோவில் அடியில் கிடந்தது, இப்போதுதான் எடுத்தேன், மடிப்பெல்லாம் பழுப்பேறி இற்றுப் போயிருக்கிறது. நீ வரும்போது புதிதாய் ஒன்று வாங்கிக்கொண்டு வா, நல்ல கரை போட்டதாய். அவன் வராவிட்டால் நீ, மருமகள், நான் மூவரும் ஐயம்பேட்டைக்குப் போவோம். அந்த வெள்ளரிப் பிஞ்சு நிறக் கதவுக்கு முன்னால் நின்று, இந்த முறை நீ உன் கையால் நீட்டு. உன் காதில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவன் கை நீட்டி வாங்குகிறானா, இல்லையா என்று மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். எதுவாய் இருந்தாலும் அதை நான் மறக்கப் போவதில்லை.

அம்மா